குருவின் எடை

வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் அண்ணாமலை ஓங்கி நிற்பது தெரியும். 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்த வேங்கடராமன், ரமண மகரிஷி என்று அறியப்பட்ட பிறகும், தம் குருவாக அருணாசலம் எனப்படும் அந்த மலையையே சொன்னார். சொல்லின் வேரைத் தேடிப் போனால் அந்த விடையின் பொருத்தம் வியக்க வைக்கிறது. இன்று ஆங்கிலச் சொல்லாகவே ஆகிவிட்ட 'குரு'வின் முதற்பொருள் 'கனமானது' என்பதுதான்.

'கு' என்றால் இருள், 'ரு' என்றால் நீக்குவது என்று சொற்பொழிவுகளில் கேட்டிருப்போம். உபதேசமாக அது அழகு. ஆனால் சொல் பிறந்த வழி அதுவன்று. வடமொழி யாப்பில் நெடிய அசை குரு, குறிய அசை லகு. கனம், லேசு என்ற பழைய பொருள் அங்கே அப்படியே நிலைத்திருக்கிறது. நாம் சொல்லும் 'இலகு' இந்த லகுதான். எடை குறைந்ததைக் குறிக்கும் ஆங்கில 'லைட்' அதற்குத் தூரத்து உறவு.

குருவுக்கும் அப்படி உறவுகள் உண்டு. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'க்வ' போன்ற ஒலியோடு தொடங்கிய ஒரு வேர், வடமொழியில் 'குரு' ஆனது, இலத்தீனில் 'கிராவிஸ்' ஆனது, கிரேக்கத்தில் உதட்டொலியாகி 'பரூஸ்' ஆனது. மூன்றுக்கும் பொருள் கனம். ஆங்கிலத்தின் 'கிராவிட்டி' இலத்தீன் வழி வந்தது. 'பாரோமீட்டர்' கிரேக்க வழி வந்தது. தமிழ் வேறு குடும்பம் என்பதால் நமக்கு இது இரவல் சொல். ஆனால் மிகப் பழைய இரவல். சமயக் குரவர் என்னும்போது அதைத்தான் சொல்கிறோம்.

கனமானவர் மதிப்புக்குரியவரானார், பிறகு ஆசானானார். அந்தப் பொருளோடுதான் சொல் கப்பலேறியது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், ஹென்றி யூலுடன் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் அது இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டனின் 1934ஆம் ஆண்டு நூல் ரமணர் என்ற குருவை மேலைநாட்டு வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. இப்போது மேனேஜ்மென்ட் குருவும் உண்டு. அங்கே எடை கொஞ்சம் குறைந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

ஆனால் அந்தப் பழைய எடை வேறோரிடத்தில் நிலைத்திருக்கிறது. பொருள்கள் கீழே விழக் காரணம் 'குருத்வம்', அதாவது கனம், என்று தத்துவ நூலான வைசேஷிக சூத்திரம் நியூட்டனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பெயரிட்டது. இன்றும் இந்திப் பாடநூலில் கிராவிட்டிக்கு 'குருத்வாகர்ஷண்' என்றே பெயர்.