ஷெஃபீல்டு பாட்டும் ஓசூர்ப் பட்டும்

பட்டுப்புழு வளர்ப்பை நிறுத்தச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு பாப் பாட்டு இருக்கிறது என்றால் ஓசூர்ப் பக்கம் யாரும் லேசில் நம்பமாட்டார்கள். வந்தது 1978 ஜூனில். பாடியவர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பையன்கள். குழுவின் பெயர் தி ஹியூமன் லீக், பாட்டின் பெயர் 'பீயிங் பாயில்ட்'. அதில் கொதிநீரில் வேகிற ஜீவன் வேறெதுவும் இல்லை. தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் சூளகிரியிலும் கொட்டகை கொட்டகையாக மல்பெரி இலை தின்று வளர்கிறதே, அதே புழுதான்.

குழுவில் கித்தார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் இருவரும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள். பாட ஆள் தேடியபோது வேர் தன் பள்ளித் தோழன் ஃபிலிப் ஓக்கியைக் கூப்பிட்டார். ஓக்கிக்கு ஆஸ்பத்திரியில் சிப்பந்தி வேலை. மேடை ஏறிப் பாடிய அனுபவம் இல்லை, ஆனால் ஆள் பார்க்க எடுப்பாக இருந்தார். இசையை ஒலிநாடாவில் கொடுத்து வரி எழுதச் சொன்னார்கள். 22 வயதுக்காரர் புத்தரையும் பட்டுப்புழுவையும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்து நின்றார். கீழைநாட்டு மதங்களைப் பற்றிக் காதில் விழுந்த அரைகுறையை வைத்துக் கட்டிய பாட்டு என்பது கேட்டாலே தெரியும். கைவிடப்பட்ட ஒரு தொழிற்கூடத்தில், வீட்டு டேப் ரெக்கார்டரில், மோனோவில் பதிவு செய்தார்கள். எடின்பரோவில் இருந்த ஃபாஸ்ட் புராடக்ட் என்ற சின்னக் கம்பெனி இசைத்தட்டாகப் போட்டது.

தாளம், அடிநாதம், மேலே இழைகிற ராகம் எல்லாமே சின்தசைசர். மெதுவாக, கனமாக, கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி நடக்கும். நம் காதுக்கு இந்த வகை ஓசை பழக 1986-இல் இளையராஜாவின் 'விக்ரம்' வரவேண்டியிருந்தது. ஷெஃபீல்டு எஃகு ஊர். அந்தக் காலத்தில் இரவெல்லாம் பட்டறைச் சம்மட்டிகள் இறங்கும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் இயந்திர இசைக்குப் போனதற்கு அதையே காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. இயந்திரச் சத்தம்தான் காரணம் என்றால் டிவிஎஸ், லேலண்ட், டைட்டன் என்று மூன்று ஷிப்டிலும் ஆலை ஓடுகிற ஓசூரில் இதற்குள் நாலு சின்த்-பாப் குழுவாவது கிளம்பியிருக்க வேண்டும்.

பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பு விசித்திரமானது. செக்ஸ் பிஸ்டல்ஸிலிருந்து வெளியே வந்திருந்த ஜான் லைடன் நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் இதழில் அந்த மாத இசைத்தட்டுகளை விமர்சித்தார். இவர்களை நாகரிக ஹிப்பிகள் என்று ஒரே போடாகப் போட்டார். டேவிட் போவி இவர்களை மேடையில் பார்த்துவிட்டு, 1980-ஆம் ஆண்டையே கேட்ட மாதிரி இருந்தது என்றார். இரண்டு பெரிய வாய்களிலிருந்தும் இவ்வளவு வந்தும் தட்டு பெரிதாக விற்கவில்லை. 1980-இல் வேரும் மார்ஷும் பிரிந்து போனார்கள். ஷெஃபீல்டின் ஒரு டிஸ்கோவில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு ஓக்கி குழுவை நடத்தினார். 1981 கிறிஸ்துமஸுக்கு அவர்களின் 'டோன்ட் யூ வான்ட் மீ' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த அலையில் பழைய 'பீயிங் பாயில்ட்' மறுபடியும் கடைக்கு வந்து, 1982 தொடக்கத்தில் ஆறாம் இடம் வரை ஏறியது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகு பட்டுத் துணியைத் தொடவில்லை என்று கேட்டால் சிரிப்பார்கள். 2003-இல் ரிச்சர்டு எக்ஸ் என்ற தயாரிப்பாளர் அதே அடித்தாளத்தை எடுத்துக்கொண்டு, மேலே சாகா கான் பாடிப் புகழ்பெற்ற ஒரு காதல் பாட்டின் வரிகளை வைத்தார். லிபர்ட்டி எக்ஸ் குழு பாடியது, மூன்றாம் இடம் வந்தது. நூலை உருவிக்கொண்டு புழுவை எறிகிற வேலையை அந்தப் பாட்டுக்கே செய்துவிட்டார்கள்.

இனி எறியப்படுகிற புழுவிடம் வருவோம்.

முட்டை பொரித்ததிலிருந்து கூடு கட்டுகிற வரை சுமார் 25 நாள். நடுவில் நாலு தோலுரிப்பு. அது வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பங்கு கடைசி ஐந்தாம் பருவத்தில்தான் உள்ளே போகிறது. அந்த வாரம் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. விடியுமுன் மல்பெரிக் கிளையை வெட்டி, மொபட்டில் கட்டுக்கட்டாக ஏற்றி வரவேண்டும். கொட்டகைக்குள் நின்றால் இலை அரைபடும் சத்தம் நன்றாகவே கேட்கும். வெளியாள் உள்ளே போக முடியாது. செருப்பு வெளியே, கால் நனைக்க மருந்துத் தண்ணீர், பக்கத்து நிலத்தில் பூச்சிமருந்து அடித்தால் சண்டை. முதிர்ந்த புழு இலையை விட்டுத் தலையைத் தூக்கியதும் கூடு கட்டுவதற்கான நெட்ரிகாவில் எடுத்துவிடுவார்கள். வேலைக்குக் கூலியாள் கிடைக்காமல் சொந்தக்காரரை எல்லாம் கூப்பிடுகிற நாள் அது.

கூட்டை உயிரோடுதான் அங்காடிக்குக் கொண்டுபோகிறார்கள். கிருஷ்ணகிரியோ, தருமபுரியோ, எல்லை தாண்டி ராமநகரமோ, எங்கே நல்ல விலையோ அங்கே வண்டி போகும். வாங்க வருகிற நூற்பாளர் ஒரு கூட்டை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். உள்ளே கூட்டுப்புழு தட்டுகிற சத்தத்தை வைத்தே சரக்கை எடை போடுகிற கை அது. தாமதித்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி கூட்டை நனைத்துத் துளைத்து வெளியே வந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே இழையாக இருக்கவேண்டியது துண்டுதுண்டாகிவிடும். அதற்கு முன்பே கொல்வதற்குக் காரணம் இதுதான். ஓக்கி பாடியது போல நேரே கொதிநீரில் போடுவது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. பெரிய ஆலைகளில் வெப்பக் காற்றில் உலர்த்தும்போதே கூட்டுப்புழு செத்துவிடும். பிறகு வெந்நீரில் வேகவைப்பது இழையை ஒட்டியிருக்கும் பசை இளக. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு 3,000 கூடுகளுக்கு மேல் வேண்டும்.

புழு வளர்க்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். அவர் கையால் கொல்வதில்லை, அவ்வளவுதான். புழுவுக்கும் புடவைக்கும் நடுவே இத்தனை கை இருப்பதால் யார் மனசும் முழுப் பாரத்தையும் சுமப்பதில்லை.

பட்டு வேண்டாம் என்று சொல்ல நமக்கு ஷெஃபீல்டிலிருந்து ஆள் வரவேண்டியதும் இல்லை. பட்டுக்கே பேர்போன காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு, கல்யாணத்துக்குக்கூடப் பட்டு கூடாது என்று காஞ்சி மகாபெரியவர் பல காலம் சொல்லிவந்தார். அவர் படத்துக்குப் பட்டு சாத்திக் கும்பிடுகிறவர்களும் உண்டு. போவி பாராட்டிய பாட்டுக்கு நேர்ந்ததைவிட இது மோசம் என்பேன். 1990 வாக்கில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி வெங்கட்ராமன், புழுவைக் கொல்லாத பட்டில் புடவை கிடைக்குமா என்று கேட்டார். ஆந்திரக் கைத்தறித் துறையில் இருந்த குசும ராஜையாவின் மனதில் அந்தக் கேள்வி தங்கி, பிற்பாடு அகிம்சைப் பட்டாக வந்தது. பூச்சி பறந்துபோன கூட்டைப் பஞ்சுபோல நூற்கிறார்கள். மினுக்கம் குறைவு, விலை அதிகம். பறந்துபோன என்று எழுதுவதும் சம்பிரதாயம்தான். ஆயிரக்கணக்கான வருஷ வளர்ப்பில் அந்தப் பூச்சிக்குப் பறக்கவே வராது, தின்னவும் வாயில்லை. சில நாளில் முடிந்துவிடும்.

ஓசூரில், தளி சாலையில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபு வள மையம் இருக்கிறது. நாட்டின் பட்டுப்புழு இனங்களில் 400-க்கும் மேற்பட்டவற்றை அங்கே தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் காப்பாற்றி வருகிறார்கள். அந்தப் புழுக்களின் பூச்சிகள் கூட்டைத் துளைத்து வெளியே வரும், இணை சேரும், முட்டையிடும். விதைக்கூடு எடுக்கும் எந்த இடத்திலும் இதே வரிசைதான். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து, பெப்ரின் நோய்க் கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 1860-களில் லூயி பாஸ்டர் பிரான்சில் கண்டுபிடித்துக் கொடுத்த முறை இது. அகிம்சைப் பட்டுக்கான புழுவும் இப்படிச் சோதித்த முட்டையிலிருந்துதான் வரவேண்டும்.