மாமரத்தின் விளைவை முன்கூட்டியே மதிப்பிடுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் நெல்லும் வெங்காயமும் மிளகாயும் செய்கைபண்ணும் கமக்காரர் பலருடைய வளவுகளில் இரண்டு மூன்று மாமரங்களேனும் நிற்கக் காணலாம். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, விலாட்டு என்பன இவற்றுள் யாவரும் அறிந்த இனங்களாம். வயல்வரம்பில் நின்று கதிரைப் பார்த்தே ஏக்கருக்கு இத்தனை புசல் தேறுமெனக் கூறவல்ல கமக்காரர், தம் முற்றத்து மாமரம் எத்தனை காய் தரும் என்று வினவினால் விடை கூற இயலாது நிற்பர்.

இத்தயக்கத்தினால் வருவது பணநட்டமே. தை, மாசி மாதங்களில் மரம் இலை தெரியாவண்ணம் பூத்திருக்கும் வேளையில் வியாபாரி வந்து, மரத்தை அண்ணாந்து பார்த்து, முழு மரத்திற்கும் ஒரு தொகை கூறி முற்பணம் கொடுப்பதுண்டு. பின்னர் பூக் கருகினால், விலையைக் குறைக்குமாறு அவரே திரும்பிவருவார். காய் குலுங்கினாலோ உடையவர் மேலதிகமாக ஒரு சதமும் கேட்கமுடியாது. பூவைக் கண்டு விலை பேசுவதில் இலாபம் எப்பொழுதும் ஒரு பக்கத்தையே சாரும்.

பூவின் மிகுதி காயின் மிகுதியைக் காட்டாது. மாவின் ஒரு பூங்கொத்தில் பல நூறு பூக்கள் முதல் சில ஆயிரம் பூக்கள் வரை இருக்கும். அவற்றுள் பெரும்பகுதி ஆண் பூக்களே. காயாகக்கூடிய இருபாற் பூக்கள் குறைவு. அவ்விருபாற் பூக்களிலும் மகரந்தம் சேர்ந்து பிஞ்சானவற்றுள் மிகப் பல முதற் சில வாரங்களிலேயே உதிர்ந்துவிடும். ஒரு கொத்தில் ஒன்றிரண்டு காய்கள் முற்றினால் அது நல்ல விளைவாகும். ஒன்றுமே தங்காத கொத்துகளும் பல.

எனினும், பூப்பதற்கு முன்னரே மரம் சில குறிகளைக் காட்டும். மாமரம் முற்றிய கிளைநுனிகளிலேயே பூக்கும். சென்ற பருவத்தில் காய்களைச் சுமந்த நுனி, அறுவடைக்குப் பின் உடனே துளிர்விடாது ஓய்ந்திருந்தால், அடுத்த பருவத்திற் பூப்பது அரிது. ஓராண்டு நிறையக் காய்த்த மரம் மறு ஆண்டு வெறுமையாய் நிற்பதற்கு முக்கிய காரணம் இதுவே, கண்ணூறு அன்று. ஆகவே கார்த்திகை மாத முடிவில் மரத்தின் நாற்புறமும் நூறு நுனிகளைப் பார்த்தல் வேண்டும். கரும்பச்சை நிறமும் விறைப்பும் உடைய முற்றிய இலைகளைக் கொண்ட நுனிகள் எத்தனை, செம்புநிறத் தளிர் விட்டவை எத்தனை என எண்ணுக. தளிர் மிகுந்திருந்தால் அவ்வாண்டில் அதிகம் எதிர்பார்த்தல் தகாது.

தோட்டக்காரர் இங்கு ஒன்றைக் கவனித்தல் நலம். வெங்காயப் பாத்திகளை அடுத்து நிற்கும் மாமரம், அப்பாத்திகளுக்கு இடும் யூரியாவையும் இறைக்கும் நீரையும் தானும் உண்கிறது. பூக்குமுன் ஓரளவு வரட்சியும் இரவுக்குளிரும் பெறவேண்டிய மரம், இவ்வுணவினால் மீண்டும் தளிர்க்கத் தொடங்கும். மாமரத்திற்கு உரிய பசளையை அறுவடை முடிந்து மழை தொடங்கும்போதே இட்டுவிடல் வேண்டும்.

பூத்தபின் காலநிலையே எசமான். பூக்காலத்தில் மழை பெய்தால் பங்கசினால் உண்டாகும் அந்திரக்னோசு நோய் பூங்கொத்துகளைக் கருக்கிவிடும். மழையில்லாத குளிர் நாட்களில் வெண்தூள் நோய் தோன்றும். தத்திகள் சாற்றை உறிஞ்சுவதால் பூக்கள் வாடி உதிரும். அவை கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படரும். மருந்து தெளிக்க நேர்ந்தால் பூ விரியுமுன்னரோ பிஞ்சு பிடித்தபின்னரோ தெளித்தல் வேண்டும். மாவின் மகரந்தத்தைச் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்களே. விரிந்த பூவில் நஞ்சைத் தெளிப்பவர் தம் விளைவைத் தாமே அழிப்பவராவர்.

இத்தனை இடர்களும் கடந்து, பிஞ்சுகள் கோழிமுட்டையளவு ஆகும்போது உதிர்வின் பெரும்பகுதி முடிந்திருக்கும். மதிப்பீட்டிற்கு உகந்த காலம் இதுவே. பெரிய மரத்தில் எல்லாக் காய்களையும் எண்ணுதல் இயலாது. கண்ணுக்கு எட்டிய கிளையை மட்டும் எண்ணிப் பெருக்கினால் பிழை நேரும். வெயில்படும் புறத்திற் காய் மிகுந்தும் நிழற்புறத்திற் குறைந்தும் இருக்கலாம். இதற்கு அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் ஜெசன் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு முறை உதவும். பருத்த கிளை மிகுந்த காயையும் மெலிந்த கிளை குறைந்த காயையும் தாங்கும் என்பதே அதன் அடிப்படை.

அடிமரம் மூன்று கிளைகளாகப் பிரிகிறது எனக் கொள்வோம். கவருக்குச் சற்று மேலே அளந்த சுற்றளவுகள் 30, 40, 50 சென்ரிமீற்றர். இவற்றை அதனதனாற் பெருக்கினால் 900, 1600, 2500, மொத்தம் 5000. இவ்விகிதப்படி முதற் கிளைக்கு 9, இரண்டாவதற்கு 16, மூன்றாவதற்கு 25 ஆக ஐம்பது சீட்டுகள் எழுதி, ஒன்றைக் குலுக்கி எடுக்கவேண்டும். 50 சென்ரிமீற்றர்க் கிளைக்குரிய சீட்டு வந்ததாயின் அக்கிளையின் பங்கு நூற்றுக்கு 50. அது மேலே 30, 40 சென்ரிமீற்றர் கொண்ட இரு கிளைகளாகப் பிரிந்தால் மறுபடியும் 9, 16 ஆகச் சீட்டிடுக. 30 சென்ரிமீற்றர்க் கிளை வந்தால், இக்கவரில் அதன் பங்கு நூற்றுக்கு 36. முழு மரத்தில் அதன் பாதி, அதாவது நூற்றுக்கு 18. அக்கிளையில் 54 காய்கள் இருந்தால் 54ஐ நூறாற் பெருக்கி 18ஆல் வகுக்க, மரத்தின் காய்கள் 300 எனக் கிடைக்கும்.

ஒரு கிளையை மட்டும் நம்புதல் கூடாது. முதற் கவரிலிருந்து மீண்டும் சீட்டிட்டு, இன்னும் ஒன்றிரண்டு கிளைகளையேனும் எண்ணிச் சராசரி காண்க. இரண்டாவது எண்ணிக்கையில் 250 வந்தால் சராசரி 275. கிளையைச் சீட்டே தெரிவுசெய்யவேண்டும். காய் நிறைந்த கிளையை மனம் நாடுவது இயல்பு. எண்ணும் கிளையில் நூலொன்றைக் கட்டி, இருவர் இருபுறமும் நின்று எண்ணினால் இலை மறைத்த காய்களும் தப்பா.

வைகாசியில் வீசத்தொடங்கும் சோளகக் காற்றும் அணில், வௌவால் ஆகியனவும் கொள்ளும் பங்கை இதிற் கழிக்கவேண்டும். ஐந்திலொன்று கழியுமெனக் கொண்டால், 275இல் 220 எஞ்சும். காயொன்று 400 கிராம் எனின் 88 கிலோகிராம் தேறும். கழிவும் காயின் நிறையும் மரத்துக்கு மரம் வேறுபடுமாதலால், ஒவ்வோராண்டும் எண்ணியதையும் பறித்ததையும் கொப்பியிற் குறித்துவருதல் வேண்டும். மூன்று நான்கு பருவங்களின் குறிப்பு கையிலிருந்தால், பிறர் கூறும் விகிதம் தேவைப்படாது.

முற்பணம் அவசியமாயின், பூக்காலத்தில் அதனைக் கடனாக மட்டும் பெற்று, முட்டைப் பருவத்தில் எண்ணியபின் விலையை முடிவுசெய்ய வியாபாரியுடன் பேசிக்கொள்ளலாம். எண்ணும் நாளில் அவரையும் மரத்தடிக்கு அழைத்து, சீட்டை அவர் கையாலேயே எடுக்கச்செய்தல் நன்று.