உங்களுக்குத் தெரியுமா?

மட்டக்களப்பு வாவியில் சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அவ்விடத்தில் நோயாளியும் காயக்காரரும் படகிலோ ‘பாதை’யிலோதான் வாவியைக் கடந்தார்கள். (வாகனம் ஏற்றும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர், வெளியூரார் குழம்புவார்கள்.) போர்க்காலத்திலும் காயக்காரரைத் தூக்கிச் சுமந்தது மனிதத் தோள்தான்.

இன்று உக்ரைனில் அந்த வேலைக்கு ஆளில்லா ஊர்திகள் போகின்றன. தலைக்கு மேல் டிரோன் சுற்றினால் அம்புலன்ஸ் நெருங்க முடியாதே! எஸ்தோனிய நிறுவனமான மில்ரெம் செய்த ‘தெமிஸ்’ என்ற ஆளில்லா ஊர்தி சங்கிலிப் பட்டையில் ஊரும். தொலைவிலிருந்து ஒருவர் இயக்குவார். 2022இல் ஜெர்மனியின் நிதியில் உக்ரைனுக்கு ஒதுக்கப்பட்ட 14 ஊர்திகளில் 7 காயக்காரரை ஏற்றுவதற்கென்றே அமைந்தவை. ரேடியோத் தொடர்பு அறுந்தால் நடுவழியில் நின்றுவிடும் ஆபத்தும் உண்டு, காயக்காரர் மேலே கிடக்க.