சிம்லா மலையில் ஒரு பிஷப் பள்ளி: பேரரசின் பிள்ளையும் குடியரசின் கேள்வியும்

சிம்லாவின் மால் சாலையும் ரிட்ஜும் கூடுமிடத்தில் லாலா லஜபதிராயின் சிலை நிற்கிறது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் லாகூரிலிருந்து கொண்டுவரப்பட்ட சிலை அது. 1907-இல் லஜபதிராய் விசாரணையின்றி பர்மாவின் மாண்டலேக்கு நாடு கடத்தப்பட்டபோது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்து அந்நடவடிக்கையை வலியுறுத்தியவர் சர் டென்சில் இபட்சன். அதே நகரில் உள்ள பிஷப் காட்டன் பள்ளியின் மாணவர்கள் இன்றும் "இபட்சன் இல்லம்" என்ற பெயரில் ஓர் அணியாகத் திரண்டு விளையாடுகிறார்கள்.

இபட்சன், ரிவாஸ், கர்சன், லெஃப்ராய் ஆகியவை அப்பள்ளியின் நான்கு இல்லங்கள். இருவர் பஞ்சாபின் துணைநிலை ஆளுநர்கள். ஒருவர் 1905-இல் வங்கத்தைத் துண்டாடிய வைஸ்ராய். மற்றொருவர் லாகூரின் பிஷப்பாக இருந்து பின்னர் கல்கத்தாவின் தலைமைப் பிஷப்பானவர். நாடெங்கும் நகரங்களும் சாலைகளும் பெயர் மாறிவிட்டன. சிம்லாவையே "சியாமளா" என்று மாற்றும் யோசனை 2018-இல் எழுந்து எதிர்ப்புக்குள்ளானது. இந்த நான்கு பெயர்கள் மட்டும் மாறவில்லை. அவை ஏன் வந்தன, ஏன் நிலைத்தன என்பதை அறிய 1857-க்குச் செல்ல வேண்டும்.

கிளர்ச்சியின் நிழலில்

1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1859 ஜூலை 28 அன்று இந்தியாவின் ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் நன்றி வழிபாடு நடத்தப்பட்டது. கல்கத்தா புனித பால் பேராலயத்தில் பேசிய பிஷப் ஜார்ஜ் எட்வர்டு லிஞ்ச் காட்டன், அன்று திரட்டப்படும் காணிக்கை மலைப்பகுதிகளில் பள்ளிகள் தொடங்கப் பயன்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தம் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப வசதியற்ற ஐரோப்பியர்களும், அந்நாளில் "யுரேஷியர்" எனப்பட்ட ஆங்கிலோ இந்தியரும்தான் அவர் மனத்தில் இருந்தவர்கள்.

இதில் கருணை மட்டும் இருந்ததாகக் கூற இயலாது. கல்வியின்றி வளரும் வெள்ளையர் பிள்ளைகள் ஆட்சிக்கே சங்கடமாகிவிடுவார்கள் என்ற அச்சத்தை வைஸ்ராய் கானிங் 1860 அக்டோபரில் எழுதிய குறிப்பிலேயே வெளிப்படுத்தினார். அரசு உதவியும் அதைத் தொடர்ந்து வந்தது. இந்நாட்டு மக்களின் பிள்ளைகளுக்காக அல்ல, அவர்களை ஆள்வோரின் ஏழை உறவினர்களுக்காகவே இப்பள்ளி திட்டமிடப்பட்டது.

காட்டன் வெறும் மத குரு அல்லர். இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் புகழ்பெற்ற தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டின் கீழ் ஆசிரியராக இருந்தவர். பின்னர் மார்ல்பரோ பள்ளியின் தலைவரானவர். 1857-இல் வெளிவந்த "டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்" நாவலில் வரும் இளம் ஆசிரியர் பாத்திரத்துக்கு அவரே முன்மாதிரி எனக் கருதப்படுகிறது. மூத்த மாணவர்களுக்குப் பொறுப்பளிக்கும் பிரிஃபெக்ட் முறை, இல்ல முறை, விளையாட்டுத் திடலைக் குணம் வார்க்கும் களமாகக் கருதுதல் ஆகியவை ரக்பியிலிருந்து இமயமலைக்கு வந்து சேர்ந்த வழி இதுவே.

1863 மார்ச்சில் சிம்லாவை அடுத்த ஜுதோக்கில் பள்ளி தொடங்கியது. மறு ஆண்டு முதல் சிம்லா இந்திய அரசின் கோடைத் தலைநகரானது. 1866 செப்டம்பர் 26 அன்று நோல்ஸ்வுட் குன்றில் நிரந்தரக் கட்டடத்துக்கு வைஸ்ராய் சர் ஜான் லாரன்ஸ் அடிக்கல் நாட்டினார். பத்து நாட்களுக்குப் பின், அக்டோபர் 6-இல், வங்கத்தின் குஷ்டியா அருகே படகிலிருந்து கரையேறும்போது தவறி ஆற்றில் விழுந்த காட்டன் உயிரிழந்தார், உடல் கிடைக்கவேயில்லை. 1868-இல் பள்ளி புதிய இடத்துக்கு மாறியது. 1905-இல் தீக்கிரையான பிரதான கட்டடம் மீண்டும் எழுப்பப்பட்டது.

அவர் நினைவைத் தாங்கும் மற்றொரு பள்ளி, தமிழர்கள் நன்கறிந்த பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளி. 1865-இல் தோன்றிய அது இன்று தென்னிந்தியத் திருச்சபையின் நிர்வாகத்தில் உள்ளது.

டயரும் அமிர்தசரஸும்

இப்பள்ளியில் பயின்றவர்களுள் மறக்க முடியாத பெயர் ரெஜினால்டு டயர். மர்ரியில் பிறந்து சிம்லாவில் வளர்ந்த அவர் இங்கே பயின்றபின் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாகில் சுடும்படி கட்டளையிட்டவர் அவரே. "தீமையை நன்மையால் வெல்" என்பது பள்ளியின் இலட்சிய வாசகம். ஒரு பழைய மாணவனின் செயலுக்கு ஒரு பள்ளியைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. எனினும் யாருக்காக, எந்த மனநிலையில் அது தொடங்கப்பட்டது என்பதை டயரின் வாழ்க்கை நினைவூட்டுகிறது.

காலம் வேறொரு கணக்கையும் எழுதியிருக்கிறது. 1970 நவம்பர் 29 அன்று நாகபுரியில் ஆங்கிலிக்கன் சபை உள்ளிட்ட ஆறு சபைகள் இணைந்து வட இந்தியத் திருச்சபை உருவானது. அத்திருச்சபையின் அமிர்தசரஸ் மறைமாவட்டத்துக்கு உட்பட்டது இன்றைய பிஷப் காட்டன் பள்ளி. டயர் படித்த பள்ளி, அவர் குருதி சிந்தவைத்த நகரின் பெயர்கொண்ட மறைமாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

ராணுவ லாரிகளில் சென்ற மாணவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கு சேர்ந்தனர். பஞ்சாபின் இந்து, சீக்கிய, முஸ்லிம் சிறுவர்கள் ஒரே விடுதியில் உறங்கினர். ஒரே அணியில் ஆடினர். 1947 அந்த வாழ்வை முறித்தது.

எழுத்தாளர் ரஸ்கின் பாண்ட் அப்போது இங்கே மாணவர். 1944-இல் தந்தையை இழந்த அவருக்கு இந்த விடுதியே வீடு போலிருந்தது. பிரிவினைக் கலவரத்தின்போது முஸ்லிம் மாணவர்கள் ஆயுதக் காவலுடன் ராணுவ லாரிகளில் ஏற்றி அனுப்பப்பட்டதை அவர் எழுதியிருக்கிறார். பிரிந்து சென்ற நண்பன் ஒருவனைப் பற்றிய அவருடைய கதை, இந்தியப் பள்ளிச் சிறார் பலர் பாடநூலில் படித்தறிந்தது. தேர்வு எழுத வேண்டிய வயதில் எல்லை தாண்டிய அச்சிறுவர்களிடம் எந்த நாடு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அத்தலைமுறையின் காட்டன் மாணவர்களுள் ஒருவர் பெஷாவரைச் சேர்ந்த ஹுமாயூன் கான். 1980-களில் தில்லியில் பாகிஸ்தானின் தூதராகவும், பின்னர் அந்நாட்டு வெளியுறவுச் செயலராகவும் பணியாற்றிய அவர், இந்தியத் தூதர் ஜி. பார்த்தசாரதியுடன் இணைந்து இரு நாட்டு உறவு குறித்து 2004-இல் நூல் வெளியிட்டார். இப்புறத்தில், இதே பள்ளியில் பயின்ற வீரபத்ர சிங் இமாசலப் பிரதேசத்தின் முதல்வராக ஆறு முறை பதவியேற்றார்.

1972-இல் இந்திரா காந்தியும் பூட்டோவும் உடன்பாடு கண்டதும் இதே நகரில்தான். பஹல்காம் தாக்குதலையடுத்து 2025 ஏப்ரலில் அந்த உடன்பாட்டை நிறுத்திவைப்பதாகப் பாகிஸ்தான் அறிவித்தது. பழைய நண்பர்கள் சந்திக்கும் வழி மேலும் குறுகியது.

யாருக்கான பள்ளி?

சுதந்திரத்துக்குப் பின் இத்தகைய பள்ளிகள் நிலைக்குமா என்ற ஐயம் எழுந்தது. ஆங்கிலோ இந்தியர் கல்விக்கான மானியத்தை அரசியல் சட்டத்தின் 337-ஆவது பிரிவு பத்தாண்டுகளுக்கு மட்டுமே அனுமதித்தது. மானியம் பெறும் பள்ளிகள் 40 சதவீத இடங்களைப் பிற சமூகத்தினருக்குத் தர வேண்டும் என்றும் விதித்தது. 1954-இல், ஆங்கிலோ இந்தியரும் ஆசிய வம்சாவளியல்லாத குடிமக்களும் தவிர மற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளில் சேர பம்பாய் அரசு தடை விதித்தது. தேவ்லாலியில் இருந்த ஆங்கிலிக்கன் பள்ளியான பார்ன்ஸ் பள்ளி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தடையைச் செல்லாததாக்கியது. ஆங்கிலேயர் நாடு திரும்பியதும் காலியான வகுப்பறைகள் விரைவில் நிரம்பின. நிரப்பியவர்கள் இந்திய அதிகாரிகள், ராணுவத்தினர், வணிகர்கள் ஆகியோரின் பிள்ளைகள். வசதி குறைந்தோருக்கெனத் தொடங்கிய பள்ளி வசதி படைத்தோரின் பள்ளியானது.

இன்றைய விவாதம் இங்குதான் தொடங்குகிறது. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30-ஆவது பிரிவு காக்கிறது. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்லும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமிழகம், மகாராஷ்டிரம் தொடர்பான ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்கில் 2025 செப்டம்பர் 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பின் மீது ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் பரிந்துரைத்தது.

கிறிஸ்தவப் பள்ளிகளில் பயில்வோரில் 74 சதவீதத்தினர் கிறிஸ்தவர் அல்லாதோர் என்றும், சிறுபான்மையினர் பள்ளிகளில் நலிந்த பிரிவு மாணவர்கள் 8.76 சதவீதம் மட்டுமே என்றும் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. முதல் எண்ணிக்கையைத் திருச்சபைகள் தம் திறந்த மனத்துக்குச் சான்றாகக் காட்டலாம். இரண்டாவது எண்ணிக்கைக்கு விடை கூறுவது எளிதல்ல. அதே வேளையில், சிறுபான்மை உரிமை ஒருமுறை தளர்த்தப்பட்டால் அது எங்கே நிற்கும் என்ற அவர்களது அச்சத்தையும் புறந்தள்ளிவிட முடியாது. மக்களவையிலும் பேரவைகளிலும் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்ததை அச்சமூகம் மறந்துவிடவில்லை.

ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென 1859-இல் காட்டன் கையேந்தியபோது, "ஏழை" என்ற சொல் ஓர் இனத்தின் எல்லைக்குள் அடங்கியிருந்தது. குடியரசில் அச்சொல்லுக்கு அந்த எல்லை இல்லை. இல்லங்களின் பெயர்களை மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பள்ளி தானே முடிவு செய்துகொள்ளலாம். சிம்லாவின் சரிவுகளில் வாழும் கூலித் தொழிலாளியின் மகன் என்றேனும் இபட்சன் இல்லத்தின் சீருடை அணிய முடியுமா என்பதைப் பள்ளி மட்டும் முடிவு செய்துவிட இயலாது. அதற்கான விடையை உச்ச நீதிமன்றத்திடமும் திருச்சபையின் மனச்சாட்சியிடமும் நாடு எதிர்பார்த்திருக்கிறது.