தஞ்சாவூர் மாத்திரையும் பாம்பின் பெயரும்

ஐரோப்பாவில் கற்பனாவாத இலக்கியம், அதாவது உணர்ச்சியையும் இயற்கையின் மர்மத்தையும் முதன்மையாகக் கொண்ட எழுத்து, தழைக்கத் தொடங்கிய காலத்தில் மருத்துவத்துக்கும் போலி மருத்துவத்துக்கும் இடையே தெளிவான எல்லை ஏற்பட்டிருக்கவில்லை. உயிரினங்களில் பாயும் காந்த ஆற்றலால் நோய் தீர்ப்பதாக மெஸ்மர் பாரிஸில் புகழ்பெற்றிருந்த அதே 1780-களில், சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ‘தஞ்சாவூர் மாத்திரை’யைப் பாம்புக்கடிக்கு மருந்தென நம்பிப் பரப்பியது.

வெள்ளைப் பாஷாணம் எனப்படும் ஆர்சனிக், பாதரசம், கடும்பேதிக்குக் காரணமான நேர்வாளம், மிளகு முதலியவை சேர்ந்த அம்மாத்திரையைத் தின்றவர்களில் பலர் பிழைத்தது உண்மையே. ஆயினும் நச்சுப் பாம்புகூட நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு என்பதாலும், கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை என்பதாலும், தானாகப் பிழைத்தவர்களின் உயிரெல்லாம் மாத்திரையின் கணக்கில் ஏறியது. இதை வெறும் நாட்டு மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமாகாது; ஏனெனில் இம்மாத்திரையின் புகழைக் கேட்டே ஆங்கிலேய மருத்துவர்கள் மேற்கிந்தியத் தீவுகளில் பாம்பு கடித்தவர்களுக்கு ஆர்சனிக் கரைசலைக் கொடுத்தனர்.

கம்பெனியின் இயற்கையியலாளரான பாட்ரிக் ரஸ்ஸல் கோழிகளையும் நாய்களையும் பாம்புகளிடம் கடிபடவைத்து நஞ்சின் போக்கைக் கவனித்தார். மருந்தைத் தேடுவதற்கு முன் கடித்த பாம்பு எது என்று அறிய வேண்டும் என்பதே அவருடைய பெரும்பங்களிப்பு. சோழமண்டலக் கரையின் பாம்புகளை வண்ணப் படங்களுடன் விளக்கும் அவருடைய நூல் 1796-ல் வெளிவந்தது. கண்ணாடி விரியன் இன்றும் அறிவியலில் அவர் பெயரையே தாங்குகிறது. லண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற கவிஞர் கீட்ஸ், பாம்பு பெண்ணாக மாறும் ‘லாமியா’வை 1820-ல் வெளியிட்டபோதும், பாம்பின் நஞ்சை முறிக்கும் மருந்து எங்கும் இருக்கவில்லை, அது 1890-களில்தான் உருவானது.

தென்காசி மாவட்டத்தின் பாவூர்சத்திரம் வட்டார வயல்களில் நெல்லும் காய்கறியும் விளைவிப்போருக்குப் பாம்புக்கடி பழங்கதையன்று. நச்சுக்கடியைத் தீர்க்கும் என்று நம்பிச் சங்கரன்கோவில் கோயிலின் புற்றுமண்ணைப் பூசிக்கொள்வதில் கிடைக்கும் மனத்தெம்பை எவரும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனைக்குச் செல்வதற்குப் பதிலாக அது அமையும்போது உயிர் போகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. தமிழக அரசு 2024-ல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது, அதாவது மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டே இந்தியாவின் நச்சுமுறி மருந்து தயாராகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வாழும் குழிவிரியன்களுக்கு எதிராக அது பயன்படுவதில்லை. அவற்றுக்கான தனி மருந்து இந்தியாவில் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.