தங்கவயல் கோவில்களைத் தாங்கும் கைகள்

கோலார் தங்கவயலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அது வெறும் விடுமுறை நாள் அல்ல. வாரத்தில் ஆறு நாள் இருட்டில் போய் இருட்டில் திரும்புகிற ஆண்பிள்ளைகள், அன்று ஒரு நாள்தான் சூரிய வெளிச்சத்தில் சொந்த ஊரைப் பார்க்கிறார்கள். மற்ற நாட்களில் விடியுமுன் மாரிகுப்பத்திலோ, சாம்பியனிலோ, உரிகத்திலோ, கோரமண்டலிலோ ரெயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகிறவர்கள் அவர்கள். சிட்டி ஸ்டேஷன் வரை போனால் ஒரு வழிக்கு 80 கிலோ மீட்டருக்கு மேல். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, செக்யூரிட்டி, கட்டிட வேலை, ஆபீஸ் பியூன் என்று எத்தனையோ உத்தியோகம். சீசன் டிக்கெட்தான் அவர்களுக்குப் பட்டயம்.

இவர்களில் கிறிஸ்தவர்கள் கணிசமானவர்கள். கத்தோலிக்கர், மெதடிஸ்ட், தென்னிந்திய திருச்சபையார் எனப் பல சபைகள் இந்தச் சிறு வட்டாரத்துக்குள் உண்டு. கோவில்கள் பெரியவை. சுரங்கம் கொழித்த நாளில் எழுந்தவை. சாம்பியன் ரீப்பில் உள்ள வெற்றி மாதா கோவிலைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். இத்தனை பெரிய கோவில்களை இன்று யார் நடத்துகிறார்கள்? இக்கட்டுரை அதைப் பற்றியது.

சங்கு ஓய்ந்த ஊர்

1880-ம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் தேடி வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். 1894-ல் மாரிகுப்பம் வரை ரெயில் பாதை வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோ மீட்டருக்கும் கீழே போயிற்று. உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. கீழே போன ஆள் மேலே வருவது நிச்சயமில்லை. ‘ஏர் பிளாஸ்ட்’ என்ற பாறை வெடிப்பில் செத்தவர்கள் எத்தனையோ பேர். தூசியைத் தின்று நுரையீரல் கெட்டு மெல்லச் செத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கோவிலும் கல்லறையும் அடுத்தடுத்து வளர்ந்ததில் வியப்பில்லை.

பின்னர் சுரங்கங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ‘பாரத் கோல்டு மைன்ஸ்’ என்று பெயர் பெற்றன. 28-2-2001 அன்று மூடப்பட்டன. ஷிப்டு மாறும் நேரத்தை ஊருக்கெல்லாம் சொன்ன சங்கு ஓய்ந்தது. சயனைடு மண் மேடுகள் மட்டும் மலை மாதிரி நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள்ளும் வரும், கோவில் பெஞ்சுகளிலும் படியும்.

ரசீது புத்தகம்

வெளியார் பலர், கோவிலை நடத்துகிறவர் பாதிரியார் என்று எண்ணுகிறார்கள். பாதர் ஆனாலும் சரி, போதகர் ஐயர் ஆனாலும் சரி, ரெயில்வேக்காரனைப் போலவே அவர்களுக்கும் மாற்றல் உண்டு. சில வருடத்தில் பெட்டி படுக்கையைக் கட்டிவிடுவார்கள். மாற்றல் இல்லாதவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

முதலில் பொருளாளர்களைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இவர்கள் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள். கையில் ஒரு ரசீது புத்தகம், ஒரு பால்பாயிண்ட் பேனா, பழைய தோல் பை. மாதச் சந்தா வாங்க லைன் லைனாக நடக்கிறார்கள். சுரங்கக் குடியிருப்புகளை இங்கே ‘லைன்’ என்பார்கள். முன்பெல்லாம் சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு காணிக்கைப் பை தானாகக் கனக்கும். ஊர் முழுவதற்கும் ஒரே சம்பள நாள். இப்போது ஒருவனுக்கு 1-ந் தேதி, ஒருவனுக்கு 7-ந் தேதி, தினக்கூலிக்காரனுக்குத் தேதியே கிடையாது. ஆகவே பெரியவர் ஒரே வீட்டுக்கு மூன்று தரம் நடக்கிறார். சில வீடுகளில் கதவைத் தட்டாமலே திரும்பிவிடுவதும் உண்டு. அங்கே அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். கணக்கில் அந்த வீட்டுக்கு நேராக இருக்கும் கட்டம் காலியாக இருக்கும். அதைப் பற்றிச் சபைக் கூட்டத்தில் பேச்சு எழாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. நானும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். எந்த இலாகாவிலும் இப்படி ஒரு கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கைப்பிடி அரிசி

தமிழ்ச் சபைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையிலோ டப்பாவிலோ போட்டு வைப்பார்கள். குறித்த நாளில் அதைக் கோவிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். சேர்ந்த அரிசியை விற்று வரும் பணம் ஊழியத்துக்குப் போகும். அல்லது அரிசியாகவே இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகும். இதில் ஆண்களுக்கு வேலையே இல்லை. பெண்கள் சங்கத்தின் முழு ராஜ்யம் அது.

ரேஷன் அரிசி வீட்டில் ஒரு கைப்பிடி குறைந்தால் அது கண்ணில் படும். ஆயினும் போடுகிறார்கள். சில டப்பாக்களில் ரேஷன் அரிசியும் கடை அரிசியும் கலந்து வரும். கலந்த அரிசி ஒரே பதத்தில் வேகாது. வாங்கிப் போகிறவர்கள் முணுமுணுப்பதும் உண்டு, அதையும் மறைப்பானேன்!

அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் பெண்கள்தான் முதலில் நிற்பார்கள். வயலே இல்லாத ஊரில் அறுப்புப் பண்டிகையா என்று கேட்கலாம். வீட்டுக் கொல்லை முருங்கைக்காய், ஒரு பூசணி, ஒரு சேவல், கையால் சுட்ட முறுக்கு, இவைதான் இந்த ஊர் அறுவடை. பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஒரு முருங்கைக் கட்டை ஆயிரம் ரூபாய் வரை ஏற்றுவான். எடுத்து அதே கிழவியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவான். அவள் மறுபடி ஏலத்துக்கு வைப்பாள்.

எழுத்துச் சொல்லித் தரும் அக்காமார்கள்

பிள்ளைகள் படிப்பது இங்கிலீஷ் மீடியம் அல்லது கன்னட மீடியம். தமிழ் பேசுவார்கள். படிக்கச் சொன்னால் விழிப்பார்கள். ஞாயிறு பள்ளிக்கூடத்தில்தான் பலருக்கு ‘அ, ஆ’ ஆரம்பமாகிறது. வேதாகமத்தை வைத்துக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படிக்கப் பழக்குகிற அக்காமார்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களும் வாரம் முழுவதும் கடையிலோ ஆபீசிலோ நின்று வந்தவர்கள்தான். பத்து வயதுப் பையன் பீடத்தருகே நின்று திக்காமல் தமிழில் ஒரு வாசகம் வாசித்தால், பின்வரிசையில் பாட்டிமார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கர்நாடகத்தில் பிழைக்கிற நாம் கன்னடமும் கற்க வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. வீட்டுப் பாஷையை எழுதப் படிக்க எங்கே கற்பது என்பதற்குத்தான் வழி குறைந்துகொண்டு வருகிறது.

சாவு விழுந்தால்

இந்த ஊர்ச் சபைகளுக்கு உண்மையான சோதனை வார நாளில் வரும் சாவுதான்.

சுரங்க காலத்தில் குழி வெட்ட ஆள் தேட வேண்டியதே இல்லை. பூமிக்கடியில் பாறை உடைத்தவர்களுக்கு ஆறடி மண் ஒரு பொருட்டா? ஷிப்டு முடிந்து வந்தவர்கள் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். அந்தக் கைகள் இன்று நடுங்குகின்றன. மகன்களோ பெங்களூரில் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பகலில் ஒருவர் கண்ணை மூடினால், தூக்க நான்கு தோள் கிடைப்பதே அரிது.

அப்போது யார் வருகிறார்கள்? இரவு வேலை முடித்துக் காலை வண்டியில் இறங்கிய பையன்கள் தூக்கமில்லாத கண்ணோடு வருகிறார்கள். அடுத்த லைன் இந்துக்களும் முஸ்லிம்களும் கேட்காமலே வருகிறார்கள். சுரங்கத்தில் ஒரே கூண்டில் இறங்கியவர்களின் பிள்ளைகள் அல்லவா! பெட்டி வாங்கவும், குழி வெட்டவும் ஒரு சிறு நிதியைப் பல சபைகளில் வைத்திருக்கிறார்கள். மாதம் கொஞ்சமாகச் சேருகிற காசு. ஆனால் காசு குழி வெட்டாதே. அடக்கத்தைச் சாயங்கால வண்டி வரும் நேரத்துக்குத் தள்ளி வைப்பதும், வண்டி தாமதமானால் விளக்கு வெளிச்சத்தில் மண் போடுவதும் இங்கே அதிசயமல்ல. எங்கள் கால அட்டவணைக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறது என்பது மேலதிகாரிகளுக்குத் தெரியுமோ என்னவோ.

வீடு மாற்றிப் பெங்களூரோடு போய்விட்ட குடும்பங்களும் அதிகம். தினமும் அலைய உடம்பில் தெம்பு இல்லை, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களில் சிலர் இன்னும் தங்கவயல் சபையில்தான் சந்தா கட்டுகிறார்கள். காரணம் பக்தி மட்டுமல்ல. அப்பா அம்மா கல்லறை இங்கே இருக்கிறது. நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாளன்று, பூவும் மெழுகுவர்த்தியுமாக ரெயிலில் வந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தாலே இது விளங்கும். சுண்ணாம்பு அடிக்க வாளியும் பிரஷும் கையோடு கொண்டுவருவார்கள்.

கிறிஸ்துமஸ் கேரல்

டிசம்பரில் வாலிபர் சங்கத்தார் கேரல் சுற்றுக்குக் கிளம்புவார்கள். மற்ற ஊர்களில் பொழுது சாய்ந்ததும் புறப்படுவார்கள். இங்கே ராத்திரி வண்டி வந்த பிறகுதான். பாடுகிறவர்களில் பாதிப் பேர் அந்த வண்டியில்தான் வர வேண்டும். டிபன் கேரியரை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, அதே சட்டையோடு டிரம்மைத் தூக்கிக்கொள்வார்கள். லைன்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. பத்து வீட்டு வரிசையில் ஒரே ஒரு வீட்டில் விளக்கு எரியும், ஒரு பாட்டி தனியாக இருப்பாள். அந்த ஒரு வீட்டுக்கும் முழுப் பாட்டையும் பாடித்தான் நகருகிறார்கள். பாட்டி எல்லோருக்கும் டீ போட்டு வைத்திருப்பாள். டம்ளர் போதாது. ஒருவர் குடித்து முடித்ததும் கழுவி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.