வகுப்பே பிடிக்காத மாணவர்களுக்கு நாய் என்ன கற்றுத் தரும்?

ஆசிரியர் சொல்வது காதில் ஏறாது, யாரோடும் சேர மாட்டார்கள், எதற்கெடுத்தாலும் கோபம். இப்படிப் படிப்பிலிருந்து விலகிப்போன பிள்ளைகள் கையில் ஒரு நாயை ஒப்படைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1993-லேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள்.

அங்கு உட்பர்ன் நகரில் மெக்லாரன் என்ற சிறார் சீர்திருத்த மையம் இருக்கிறது. குற்ற வழக்கில் சிக்கிய இளைஞர்களுக்கான இடம். அந்த வளாகப் பள்ளியில் பணியாற்றிய ஜோன் டால்டன் தொடங்கியதுதான் 'ப்ராஜெக்ட் பூச்' திட்டம். காப்பகங்களில் யாரும் தத்தெடுக்காமல் கிடந்த நாய்களைக் கொண்டுவந்து இளைஞர்களிடம் விட்டார்கள். சாப்பாடு போடுவது, குளிப்பாட்டுவது, கூண்டைக் கழுவுவது, பயிற்சி கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

அதட்டினால் நாய் கேட்குமா?

கேட்காது. பயந்து ஒதுங்கிக்கொள்ளும். விஷயமே இதில்தான் இருக்கிறது. இந்தப் பயிற்சியில் அடி, மிரட்டல் கிடையாது. சொன்னதைச் செய்தால் பாராட்டும் தின்பண்டமும்தான். பொறுமை இழந்து கத்தினால், அத்தனை நாள் உழைப்பும் வீணாகிவிடும். 'கோபத்தை அடக்கு' என்று பெரியவர்கள் நூறு முறை சொல்லியும் புரியாதது, நாய் பின்வாங்கும் அந்த ஒரு நொடியில் புரிந்துவிடுகிறது. தவிர, இவன் எத்தனை மார்க் வாங்கினான், என்ன கேஸ் என்றெல்லாம் நாய் பார்ப்பதில்லை.

கஷ்டமான கட்டம் கடைசியில்தான். பழக்கிய நாயைத் தத்தெடுக்க வரும் குடும்பத்திடம் கொடுத்துவிட வேண்டும். பாசம் வைத்ததை விட்டுக்கொடுப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம்.

இது புதுசா?

இல்லை. நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தன் நாய் 'ஜிங்கிள்ஸ்' பக்கத்தில் இருந்தால் ஒதுங்கியிருக்கும் குழந்தைகள்கூட மனம் திறக்கிறார்கள் என்று 1960-களிலேயே எழுதினார். 2019-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 249 மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. நாய், பூனைகளை 10 நிமிடம் தடவிக் கொடுத்தவர்களுக்கு, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்திருந்தது.

ஆனால், தடவிக் கொடுப்பது வேறு, பொறுப்பேற்று வளர்ப்பது வேறு. முதலாவது அந்த நேரத்துக்கு மனசை லேசாக்கும். குணம் மாற இரண்டாவதுதான் வேண்டும். வாரம் ஒருநாள் நாயைக் கூட்டிவந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் இதைக் கவனிக்கலாம்.

அலர்ஜி உள்ளவர்களையும் நாய்க்குப் பயப்படும் பிள்ளைகளையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நாய்க்கும் களைப்பு உண்டு. அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, வாலைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டாலோ, உடனே வெளியே கூட்டிப்போய்விட வேண்டும்.